மேரி வர்கீஸ்: கதை நிற்கும் இடமும் வேலை தொடங்கிய இடமும்

4 பிப்ரவரி, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

"கால்களைக் கேட்டேன், சிறகுகள் தரப்பட்டன" என்ற வாசகம் ஒரு பெண் மருத்துவரின் படத்தோடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவராம். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத ஒருவர் எப்படி அறுவை சிகிச்சை செய்ய முடியும்? தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் யாரோ கட்டிவிட்ட கதையாகத்தான் எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

4 பிப்ரவரி, இரவு

கட்டிவிட்ட கதை இல்லை. அவர் பெயர் மேரி வர்கீஸ். 1925-இல் கொச்சிப் பகுதியில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். மகளிர் நோய்ப் பிரிவில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, 1954 ஜனவரியில், இளம் மருத்துவர்கள் சேர்ந்து சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம், தண்டுவடத்தில் மீளாத சேதம். அப்போது அவருக்கு வயது 28.

எப்படி அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்பதற்கான பதில், நீங்கள் எதிர்பார்ப்பதை விட எளிமையானது. தண்டுவடம் எந்த இடத்தில் அடிபடுகிறதோ, அதற்குக் கீழே உள்ள உறுப்புகளுக்குத்தான் இயக்கமும் உணர்வும் இல்லாமல் போகும். கழுத்துக்குக் கீழே, முதுகுப் பகுதியில் அடிபட்டவருக்கு இரண்டு கைகளும் அறிவும் பார்வையும் முன்பிருந்தபடியே இருக்கும். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கை அறுவை சிகிச்சை அப்படிப்பட்டதன்று. நோயாளியின் கையைச் சிறு மேசையில் நீட்டி வைத்து, நன்றாக நடக்கக்கூடிய மருத்துவர்களும் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் செய்கிறார்கள். மேரி உட்காரும் நிலைக்கு வருவதற்கே முதுகெலும்பை உறுதிப்படுத்தும் அறுவை சிகிச்சை அவருக்குத் தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். உட்கார முடிந்த பிறகு, மற்ற அறுவை மருத்துவர்களுக்கும் அவருக்கும் மேசையின் முன் பெரிய வேறுபாடு இல்லை.

நானும் தண்டுவடம் பாதிக்கப்பட்டவன்தான். இரு சக்கர வண்டி விபத்து. அதனால் இந்தக் கேள்வியை எத்தனையோ வடிவங்களில் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்: "இப்படி இருந்துகொண்டு கணக்கு எப்படிப் பார்க்கிறீர்கள்?" கணக்கைக் காலால் பார்ப்பதில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

5 பிப்ரவரி

நேற்று அவசரத்தில் விட்டுப்போன ஒன்று, இதில் முக்கியமானதும்கூட: அவர் அறுவை சிகிச்சை செய்தது யாருக்கு?

தொழுநோயாளிகளுக்கு. 1950-களின் வேலூரை நினைத்துக்கொள்ள வேண்டும். டாப்சோன் மாத்திரை வந்து, நோய்க்கிருமியைக் கட்டுப்படுத்த முடியும் என்ற நிலை ஏற்பட்டிருந்தது. ஆனால் நோய் நின்றாலும் மடங்கிப்போன விரல்கள் மடங்கியேதான் இருந்தன. முழங்கையின் உட்புறம் தோலுக்கு மிக அருகில் ஓடும் நரம்பு தொழுநோயில் கெடும்போது, விரல்களை நீட்டவும் விரிக்கவும் உதவும் உள்ளங்கைச் சிறு தசைகள் செயலிழந்து, கை கொக்கி போல மடங்கிவிடும். சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடியாது, பொத்தான் போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கையைப் பார்த்தவுடன் ஊர் விலகிக்கொள்ளும்.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1948 முதல் வேலூரில் இந்தக் கைகளைச் சீர்செய்யத் தொடங்கினார். கெடாமல் எஞ்சியிருக்கும் ஒரு நல்ல தசையின் தசைநாரைப் பிரித்தெடுத்து, நான்கு கிளைகளாக்கி, நான்கு விரல்களுக்குள்ளும் கொண்டுபோய்த் தைப்பது அந்தச் சிகிச்சை. தைத்து முடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. மணிக்கட்டை அசைத்துக்கொண்டிருந்த தசைக்கு, இனி விரல்களை நீட்டுவதுதான் உன் வேலை என்று வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்க வேண்டும். பிராண்டிடம்தான் மேரி இந்தக் கலையைக் கற்றார். சக்கர நாற்காலியிலிருந்து இறங்க முடியாத மருத்துவர் தங்கள் கையைப் பிடித்துச் சோதிப்பதைப் பார்த்த நோயாளிகளிடம் ஏற்பட்ட மாற்றத்தைப் பிராண்டே பின்னாளில் விவரித்திருக்கிறார்.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்தும், ஆணியை மிதித்தும், புண்ணோடு வேலை செய்தும்தான் அவை அழிகின்றன என்பதே பிராண்ட் குழுவினர் கண்டறிந்தவற்றில் பெரியது. அதே விதிதான் எங்களுக்கும். இடுப்பின் கீழ் எனக்கு வலி தெரியாது. ஆகையால் ஒரே பக்கம் அழுத்தி உட்கார்ந்தால் தோல் செத்துப் புண்ணாகும், எலும்பு தெரியும்வரை ஆழமாகும், எனக்குத் தெரியவே தெரியாது. கையில் வலி தெரியாதவர்களுக்கு, காலில் வலி தெரியாத ஒரு மருத்துவர் சிகிச்சை செய்தார். இதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உணர்வில்லாத உடலை எப்படிக் கண்ணால் காவல் காக்க வேண்டும் என்பது அவருக்குப் பாடப்புத்தகத்தில் படித்த செய்தியாக மட்டும் இருந்திருக்காது.

5 பிப்ரவரி, மாலை

மேரிதான் வேலூர் மருத்துவமனையை நிறுவியவர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, அதை நிறுவியவர் ஐடா ஸ்கடர். 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஏற்படுத்திய அமெரிக்கப் பெண்மணி. 1960-இல்தான் காலமானார், ஆக, மேரிக்கு விபத்து நேர்ந்தபோது அவரும் உயிரோடு இருந்தார். இரண்டு பேரையும் ஒரே படத்தில் போட்டு ஒரே பெயர் எழுதிச் சுற்ற விடுகிறார்கள், என்ன செய்வது.

7 பிப்ரவரி

"இதில் மேரியின் பங்கு என்ன? வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் பரிதாபப்பட்டு வாய்ப்புக் கொடுத்தார், அவர் சொன்னதை இந்தப் பெண் செய்தார், அவ்வளவுதானே" என்று தோழர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியில் உள்ள காரத்தை விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சரக்கு இருக்கிறது.

மேரி மீண்டும் மருத்துவராக வேண்டும் என்று முதலில் பேச்செடுத்தவர் பிராண்ட் என்பது உண்மை. அந்த ஒரு பேச்சு எவ்வளவு பெரியது என்பது, அப்படிப் பேச ஆளில்லாமல் படுத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். என்னை முதலில் சேர்த்திருந்த மருத்துவமனையில், இனி நடக்க முடியாது என்று என் தந்தையிடம் சொன்னார்கள். அதற்கு அடுத்த வாக்கியம் என்று ஒன்றை யாரும் சொல்லவில்லை. மேரிக்கு அந்த அடுத்த வாக்கியம் கிடைத்தது. ஆகவே பிராண்டுக்குரியதைப் பிராண்டுக்குக் கொடுத்துவிடுவோம்.

ஆனால் அந்தக் காலத்தைப் பாருங்கள். தண்டுவடம் முறிந்தவர்கள் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவார்கள் என்பதே இரண்டாம் உலகப்போர் வரை உலகம் முழுவதும் மருத்துவர்களின் எதிர்பார்ப்பாக இருந்தது. 1944-இல் லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கி, நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைத்தல் போன்ற சாதாரணமாகத் தோன்றும் காரியங்களால் அவர்களைப் பல்லாண்டுகள் வாழவைக்க முடியும் என்று காட்டினார். வாழவைத்ததோடு நிற்காமல், 1948 லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அவர்களுக்கு வில்வித்தைப் போட்டியும் நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்கின் தொடக்கம் அது. மேரிக்கு விபத்து நேர்ந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, இந்தியாவில், அத்தகைய பிரிவு எதுவும் இல்லாத இடத்தில்.

பயிற்சி மருத்துவரின் தகுதியோடு இருந்தவருக்குக் கை அறுவை சிகிச்சை என்ற மரியாதையான இடம் கிடைத்தது. வேறு யாராக இருந்தாலும், நானாக இருந்தால் நிச்சயமாக, அங்கேயே நங்கூரம் போட்டிருப்பேன். அவர் போடவில்லை. தோழரின் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

8 பிப்ரவரி

கை அறுவை சிகிச்சையில் பெயர் எடுத்த பிறகு மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். அங்கே ராயல் பெர்த் மருத்துவமனையில், ஜார்ஜ் பெட்புருக் 1954-இல் தொடங்கியிருந்த முதுகுத்தண்டுப் பிரிவு இருந்தது. வேலூரில் அவர் விழுந்து கிடந்த அதே ஆண்டில் அங்கே அந்தப் பிரிவு திறக்கப்பட்டிருக்கிறது! மறுவாழ்வுப் பயிற்சி என்ற ஒன்று தன் உடலுக்கு என்ன செய்கிறது என்பதை அவர் அங்கே நோயாளியாகவே அறிந்தார். ஒருவரைத் தூக்கிவைக்க நான்கு பேர் தேவைப்படும் வாழ்க்கைக்கும், தன் கைகளை ஊன்றித் தானே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறிக்கொள்ளும் வாழ்க்கைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பயிற்சியால் கடக்கலாம் என்பதை அறிந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது துணிச்சல். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்து, உலக மறுவாழ்வு நிதியத்தின் உதவித்தொகையோடு சென்றார். இந்தியாவில் அன்று பெயர்கூடப் பரவாத ஒரு மருத்துவத் துறையை, முப்பது வயதைக் கடந்து, சக்கர நாற்காலியில் கண்டம் கடந்து போய், மாணவியாக முதலிலிருந்து படித்தார். திரும்பி வந்து 1963-இல் வேலூரில் உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். 1966-இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் வகையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுத் துறை அமைத்த நிலையங்களில் நாட்டிலேயே அதுதான் முதலாவது.

அறுவை சிகிச்சை என்றால் விளக்கு, கையுறை, நாடகம் எல்லாம் உண்டு. மறுவாழ்வு மருத்துவத்தில் அது எதுவும் கிடையாது. மலச்சிக்கல், சிறுநீர்க் குழாய், படுக்கைப்புண், காலிப்பர் எனும் கால்தாங்கி, சாய்தளத்தின் சரிவு, கழிப்பறைக் கதவின் அகலம்: பேசப்படுவதெல்லாம் இவைதான். மரியாதையான முதல் துறையை விட்டு, யாரும் படம் எடுக்க விரும்பாத இரண்டாவது துறைக்குத் தன் விருப்பத்தால் மாறியவர் மேரி. அவரை அங்கே யாரும் தள்ளிக்கொண்டு போகவில்லை.

8 பிப்ரவரி, சற்றுப் பின்

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. அவர் வாழ்க்கையை அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் நூலாக எழுதி அது 1963-இல் வெளிவந்தது. உலகம் முழுவதும் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் மேரியின் பெயரைக் கொண்டுசேர்த்ததில் அந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். 1963-இல் அவர் துறைத் தலைவராகப் பொறுப்பேற்கிறார். பாகாயம் நிலையம் திறக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அவர் இறந்தது 1986-இல். நூல் முடிகிற இடத்திலிருந்து இன்னும் இருபத்துமூன்று ஆண்டுகள் வேலை செய்யவும் வாழவும் அவருக்கு மிச்சமிருந்தன.

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை விபத்தில் தொடங்கி அறுவை அரங்கில் முடிவது ஏன் என்பதற்கு, என் கணிப்பில், பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, சாய்தளத்தைப் பற்றிக் கண்ணீர் வரும்படி எழுத யாராலும் முடியாது என்பது.

9 பிப்ரவரி

சிறகு பற்றி ஒன்று. அந்த வாசகத்தை அழகாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஓர் அலுவலகத்துக்குச் சான்றிதழ் ஒன்றுக்காகப் போனேன். நுழைவாயிலில் ஏழெட்டுப் படிகள், சாய்தளம் இல்லை. சட்டத்துக்குள் இருந்த வாசகத்தைக் கதவின் வழியாகக் கீழேயிருந்தே படித்தேன். சிறகு தந்திருக்கிறோமே, பறந்து வரலாமே என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும்.

11 பிப்ரவரி

செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா எழுதிய மறுப்பை மூன்று முறை படித்தேன். கதை அரைகுறையாக இருந்தாலும் அது வேலை செய்கிறது, வார்டில் புதிதாக வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பையனுக்குச் சாய்தளத்தின் சரிவைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை, அவனுக்கு முதலில் சிறகுதான் வேண்டும், பிறகுதான் சரிவு என்கிறார்.

இதை முழுவதும் மறுக்க என்னால் முடியவில்லை. பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் என்னை அசைத்தது எந்த உடற்பயிற்சி அட்டவணையும் அல்ல; அடுத்த கட்டிலுக்கு ஒரு மனிதர் தன் நாற்காலியில் வந்து, கால்சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் என்ன தொழில் செய்வது என்று பிசியோவிடம் வாதாடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததுதான். அவரும் ஒரு கதைதான். ஆக, கதை வேண்டாம் என்று நான் சொன்னால் அது நன்றி மறந்த பேச்சு.

ஆனாலும் அக்காவிடம் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல விரும்புகிறேன். அந்த மனிதரைப் பார்த்தபோது எனக்குள் எழுந்தது, கால்சட்டையை எப்படி மாட்டுகிறார் என்ற கேள்வி. படுத்தபடி ஒரு பக்கம் புரண்டு, பிறகு மறுபக்கம் புரண்டு, இழுத்து இழுத்து மாட்ட வேண்டும். கற்றுக்கொள்ள எனக்குப் பல நாள் பிடித்தது. வாட்ஸ்அப் படத்தைப் பார்க்கும்போது அப்படி ஒரு கேள்வி எழுவதில்லை. "அவர் அசாதாரணப் பிறவி, என்னால் முடியாது" என்றுதான் தோன்றுகிறது. மேரி தன்னை அசாதாரணப் பிறவியாகக் கருதியிருந்தால் நிலையம் கட்டியிருக்க மாட்டார். தனக்குக் கிடைத்ததை மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்துவிட முடியும் என்று நம்பியவர்தான் அதற்கு ஒரு துறையும் கட்டடமும் கேட்பார்.

11 பிப்ரவரி, இரவு

1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது என்பதை நண்பர் நினைவூட்டியிருக்கிறார். சரிதான். அதே ஆண்டில்தான் ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர், நிரந்தரமாகக் குழாய் பொருத்தாமல் சில மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியே சுத்தமான குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிக்கொள்ளும் முறையை வெளியிட்டார். சோப்பும் தண்ணீரும் போதும், எல்லாவற்றையும் கிருமி நீக்கம் செய்ய வேண்டியதில்லை என்றார். எங்கள் ஆட்களின் சிறுநீரகங்களைக் காத்ததில் அதற்கு இணையாக வேறொன்று இல்லை. விருது பற்றிய செய்தியை விட்டு நான் இங்கே வந்துவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம்; எனக்கு அந்த ஆண்டு இப்படித்தான் நினைவிலிருக்கிறது.

14 பிப்ரவரி

பெண் என்பதை இந்த இழையில் யாரும் தொடவே இல்லை. நான் உட்பட, கை, நரம்பு, கட்டடம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சி நிலையங்களில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மரமேறுதல், கட்டட வேலை, வண்டி ஓட்டுதல் ஆகியவற்றில் ஆண்கள் அதிகம் என்பதால் விபத்தும் அவர்களுக்கே அதிகம். அது ஒரு காரணம். ஆனால் மற்றொன்றும் உண்டு. ஆணுக்கு அடிபட்டால், மனைவியோ தாயோ கூடவே வந்து கட்டிலுக்கு அருகில் பாய் விரித்துத் தங்கி, திருப்பிப் படுக்கவைக்கவும் குழாய் மாற்றவும் கற்றுக்கொள்கிறார். பெண்ணுக்கு அடிபட்டால் அப்படி வந்து தங்குபவர் பெரும்பாலும் அவருடைய தாய்தான். தாய்க்கு வயதாகிவிட்டால் பயிற்சி பாதியில் நிற்கிறது. நான் இருந்தபோது ஒரு பெண்ணைக் கணவர் வீட்டார் "மழைக்காலம் முடிந்ததும் கூட்டிவருகிறோம்" என்று சொல்லி அழைத்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தொலைபேசி எண் தெரியாது.

இதை வைத்துக்கொண்டு மேரியின் 1954-ஐ மறுபடி பார்க்கிறேன். மணமாகாத இளம்பெண், முகத்தில் தழும்பு, நடக்க முடியாது. அன்றைய சமூகம் அவருக்கு எழுதிவைத்திருந்த பாத்திரம் ஒன்றே ஒன்று: பிறந்த வீட்டின் உள்ளறையில், அன்பாகவே, ஆயுள் முழுவதும் கவனிக்கப்படுதல். அந்த அன்பை மறுத்து வெளியே வருவதற்கு வேண்டிய பிடிவாதத்தை "தன்னம்பிக்கை" என்ற மென்மையான சொல்லுக்குள் அடைக்க முடியாது. அவர் படித்த மருத்துவர், கல்லூரி அவர் பின்னால் நின்றது, தொழிலில் ஓர் இடம் இருந்தது. இந்தச் சலுகைகள் இல்லாத பெண்ணுக்கு அதே பிடிவாதம் இருந்தாலும் போதாமல் போயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடிந்தும் வராத அந்தப் பெண்ணிடம் பிடிவாதத்துக்குக் குறைவிருக்கவில்லை. பிசியோவிடம் அவர் போட்ட சண்டைகள் வார்டு முழுவதும் கேட்கும்.

15 பிப்ரவரி

"மேரி பயிற்சி கொடுத்த இடத்தில் குடும்பத்தினருக்கும் இடம் உண்டா?" என்ற கேள்விக்கு: நம் நாட்டில் தண்டுவடப் பயிற்சி எங்கு நடந்தாலும் அதில் குடும்பத்தினரும் மாணவர்களே. வீட்டில் சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கவனிக்கும் ஏற்பாடு மேற்கு நாடுகளில் இருக்கலாம். இங்கே வீட்டு வாசற்படியை இடிக்கப் போவதும், கிணற்றடியை ஒட்டிக் கழிப்பறை கட்டப் போவதும் அண்ணனோ மாமனோதான். நியூயார்க்கில் படித்ததை அப்படியே வேலூரில் இறக்கியிருந்தால் நிலையம் ஓர் ஆண்டுகூட ஓடியிருக்காது.

வேலூர் வெயிலையும் மறக்கக் கூடாது. அடிபட்ட இடத்துக்குக் கீழே எங்களுக்கு வியர்க்காது. மேல்முதுகில் அடிபட்டவருக்கு மே மாதம் என்பது உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள முடியாத மாதம். ஈரத்துணியை மேலே போட்டுக்கொண்டு, வாட்டர் பெட்டுக்கும் மின்வெட்டுக்கும் இடையே நாங்கள் கழித்த மதியங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இழை திசைமாறிவிடும்.

பாகாயத்தில் பழைய நோயாளிகளெல்லாம் திரும்பி வந்து கூடும் மறுவாழ்வு மேளா நடக்கிறது. சக்கர நாற்காலிப் போட்டிகள், ஆட்டம், பாட்டு, உடல்நலப் பரிசோதனை எல்லாம் உண்டு. விளையாட்டுக்கு வந்தவரைப் பிடித்து அப்படியே சிறுநீரகப் பரிசோதனைக்கும் அனுப்பிவிடுவது நல்ல தந்திரம். பரிசோதனைக்கு மட்டும் கூப்பிட்டால் எங்களில் பாதிப் பேர் வர மாட்டோம்.

19 பிப்ரவரி

முதலில் கேள்வி கேட்ட நண்பர் நேற்று எழுதியதைப் பார்த்த பிறகுதான், அவர் ஏன் அந்தக் கேள்வியை அவ்வளவு கசப்பாகக் கேட்டார் என்பது விளங்கியது. தம்பி தென்னையிலிருந்து விழுந்து இரண்டு மாதமாகிறது, உறவினர்கள் மேரியின் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், தம்பியோ பேசுவதில்லை. அப்படியானால் இங்கே மேரியைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள்.

முதலில் தம்பியின் பின்புறத்தைப் பாருங்கள். இடுப்பெலும்பின் நுனி, இரண்டு பக்க இடுப்பு, குதிகால்: இந்த இடங்களில் தோல் சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால், அது புண்ணின் தொடக்கம். அந்த இடத்தின் மேல் இனிப் படுக்கவைக்கக் கூடாது. இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புங்கள். அலாரம் வைத்து, வீட்டில் முறை போட்டுக்கொள்ளுங்கள், ஒருவரே செய்தால் பத்து நாளில் அவரும் படுத்துவிடுவார். ஏர் பெட் வாங்கிவிட்டோம், திருப்ப வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உட்காரத் தொடங்கிய பிறகு, கால்மணி நேரத்துக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீர்ப் பையைக் காலில் வைக்காதீர்கள். எங்கள் வார்டில் அப்படி வெந்தவர்கள் உண்டு. காய்ச்சலோ, சிறுநீரில் கலங்கலோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

அதோடு, நரம்பு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை முடிந்தவுடன் சிகிச்சை முடிந்தது என்று எண்ணாமல், தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வுப் பிரிவில் சேர்க்க முயலுங்கள். வேலூர்தான் என்றில்லை, உங்களுக்கு அருகில் எது உண்டோ அது. படுக்கைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே இன்றே பெயரைப் பதியுங்கள். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, டிஸ்சார்ஜ் அட்டை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு கேட்கும் எல்லா உதவிக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தம்பிக்கு விருப்பமிருந்தால் என்னோடு பேசட்டும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நானும் ஆரம்பத்தில் யாரோடும் பேசவில்லை. எந்த மாவட்டம் என்று மட்டும் எழுதுங்கள், அருகில் இருக்கும் எங்கள் ஆள் ஒருவரை விசாரித்துச் சொல்கிறேன்.